ஒரு பையும் இரண்டு சட்டையும்

படிப்பை முடித்து ஊருக்குத் திரும்பியபின், எங்கள் சனசமூக நிலையத்தில் தையல் பழகும் பெண்கள் என்னிடம் கேட்ட முதற் கேள்வி, "என்ன படிச்சனீ?" என்பதல்ல. "அங்க வெயில் காலத்தில என்ன உடுப்புப் போடுவினம்? நீ என்ன போட்டனீ?" என்பதுதான். அடுத்த கேள்வி, "ஊர் சுத்திப் பாத்தனியோ? காசுக்கு என்ன செய்தனீ?" என்பது. இரண்டும் நல்ல கேள்விகள். அன்று சிரித்துக்கொண்டு பாதிப் பதில்தான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

2021 முதல் 2023 வரை ஜேர்மனியின் கிழக்குப் பகுதியிலுள்ள லைப்சிக் நகரில் புலமைப்பரிசில் பெற்று முதுமாணிப் படிப்புப் படித்தேன். புலமைப்பரிசில் என்றதும் கை நிறையப் பணம் என்று எண்ணிவிட வேண்டாம். அறை வாடகை, மருத்துவக் காப்புறுதி, சாப்பாடு எல்லாம் போக மிஞ்சுவதில் ஒரு பகுதியை அம்மாவுக்கு அனுப்புவேன். 2022ஆம் ஆண்டில் எமது நாடு பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். எரிவாயுவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, மணிக்கணக்கில் மின்வெட்டு. அந்த ஆண்டின் தொடக்கத்தில் 230 ரூபாய்க்கும் குறைவாக இருந்த ஒரு யூரோ, ஜூலை மாதத்தில் 360 ரூபாயைத் தாண்டியிருந்தது. கடையில் ஒரு கோப்பை கோப்பி 3 யூரோ என்று எழுதியிருந்தால், ஆயிரம் ரூபாய் என்று என் மனம் உடனே பெருக்கிப் பார்த்துவிடும். பிறகு அந்தக் கோப்பியை எப்படிக் குடிப்பது?

அந்த ஆண்டிலேதான் எங்களைப் போன்ற மாணவர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் வந்தது. உக்ரேன் யுத்தத்தால் எரிபொருள் விலை ஏறியபோது, மக்களின் சுமையைக் குறைப்பதற்கென ஜேர்மன் அரசாங்கம் ஜூன், ஜூலை, ஓகஸ்ட் ஆகிய மூன்று மாதங்களுக்கும் 9 யூரோ ரிக்கற் ஒன்றை அறிமுகப்படுத்தியது. மாதம் 9 யூரோ கொடுத்தால் நாடு முழுவதும் நகரப் பேருந்து, ட்ராம், பிராந்திய ரயில் எல்லாவற்றிலும் எத்தனை தடவையும் போகலாம். கடுகதி ரயில்களில் மட்டும் ஏற முடியாது. 5 கோடிக்கும் மேற்பட்ட ரிக்கற்றுகள் விற்றனவாம். (அது அந்த மூன்று மாதங்களுடன் முடிந்துவிட்டது. 2023 மே மாதத்திலிருந்து அதேபோன்ற மாதாந்த ரிக்கற் ஒன்று 49 யூரோவுக்கு வந்தது. 2025இல் 58 யூரோ, 2026இல் 63 யூரோ என அதன் விலை ஏறியிருக்கிறது.)

கூடப் படித்தவர்கள் எல்லோரும் கிளம்பினார்கள். நான் மட்டும் அறையில் இருந்தேன். ஊரிலே அம்மா விறகு பொறுக்கிச் சமைத்துக்கொண்டிருக்க, நான் உல்லாசப் பயணம் போவதா என்ற எண்ணம் என்னை விடவில்லை. ஒருநாள் தொலைபேசியில் இதைச் சொன்னேன். அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "பிள்ளை, நாங்கள் ஊர் ஊராத் திரிஞ்சது எல்லாம் கலைச்சுத் திரிஞ்சதுதானே. நீயாவது பாக்கிறதுக்கெண்டு ஒரு ஊருக்குப் போ. போட்டு வந்து எனக்குச் சொல்லு" என்றார். அடுத்த கிழமை ரிக்கற்றை எடுத்தேன்.

பை கட்டிய விதம்

நான் கொண்டுபோனது பாடசாலைப் பை அளவான ஒரு முதுகுப்பை. அதற்குள் இரண்டு பருத்திச் சட்டைகள், ஒரு நீளப் பாவாடை, இரண்டு மேற்சட்டைகள், இரவு உடுப்பு, உள்ளாடைகள் மூன்று சோடி, ஒரு பருத்தித் துப்பட்டா. காலில் நடப்பதற்கேற்ற சப்பாத்து, பையில் குளியலறைக்கு ஒரு றப்பர் செருப்பு. ஒரு கட்டி சவர்க்காரம், ஒரு துண்டுக் கயிறு. அவ்வளவும்தான்.

இரவில் அன்றைய உடுப்பைத் தோய்த்து, கட்டில் கம்பியில் கயிறு கட்டிக் காயப்போட்டால் விடிய முன் காய்ந்துவிடும். அந்த ஜூலை மாதம் ஜேர்மனியின் சில இடங்களில் வெப்பம் 40 பாகையைத் தொட்டது. அங்குள்ள வீடுகள் குளிருக்கென்றே கட்டப்பட்டவை. பெரும்பாலானவற்றில் மின்விசிறி கூட இல்லை. பொலியெஸ்ரர் துணி உடலோடு ஒட்டிப் பிடிக்கும். பருத்திதான் நல்லது என்பதை எமக்கு ஒருவரும் கற்பிக்கத் தேவையில்லையே. துப்பட்டா செய்த வேலைகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். வெயிலில் தலைக்குத் துணி, குளிரூட்டிய ரயிலில் போர்வை, பொது அறையில் உடுப்பு மாற்றத் திரை, புல்லில் இருக்கப் பாய், தேவாலயத்துள் நுழையும்போது தோளுக்கு மறைப்பு. ஒரு துப்பட்டா ஐந்து பொருளுக்குச் சமன்.

இரண்டு சட்டைகளில் ஒன்று அம்மா தைத்தது. அதன் கதையைச் சொல்லத்தான் வேண்டும். 2009இல் எனக்கு 15 வயது. பதுங்குகுழிக்கு மண்மூட்டை வேண்டியிருந்தது, சாக்கு இல்லை. வன்னியில் இருந்த எல்லாப் பெண்களும் செய்ததைத்தான் அம்மாவும் செய்தார். சேலைகளை ஒவ்வொன்றாக வெட்டிப் பையாகத் தைத்தார். வோயில், நைலெக்ஸ், கோயிலுக்குக் கட்டும் பட்டு என்று போய், கடைசியில் கூறைச் சேலையும் மண்மூட்டையாயிற்று. அந்த ஆண்டே அப்பாவையும் இழந்தோம். முகாமுக்குள் போகும்போது எங்கள் இருவருக்கும் சேர்த்து இருந்தது ஒரேயொரு பை.

மீளக்குடியேறியபின் உறவினர் ஒருவர் அம்மாவுக்கு மருதமுனைக் கைத்தறிச் சேலையொன்று கொடுத்தார். மஞ்சள் நிறம், சிவப்புக் கரை. "இனி இதை நான் எங்க கட்டுறது" என்று அம்மா அதைப் பெட்டியில் வைத்துவிட்டார். நான் படிக்கப் போகும்போது, நிவாரணத்தில் கிடைத்த தையல் இயந்திரத்தில் அதை வெட்டி எனக்குச் சட்டையாகத் தைத்துத் தந்தார். முழங்காலுக்குக் கீழே இறங்கும், கை முழங்கை வரை இருக்கும், இரண்டு பக்கமும் ஆழமான பொக்கற். ஐரோப்பியக் கடைகளில் பெண்களின் சட்டைக்குப் பொக்கற் வைப்பது அரிது. ரயிலில் இரண்டு பெண்கள் என்னை மறித்து, "இது எங்கே வாங்கியது?" என்று கேட்டார்கள். "என் அம்மா தைத்தது" என்று சொன்னபோது என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்திருக்கும்.

பேர்லினில்

லைப்சிக்கிலிருந்து பேர்லினுக்குக் கடுகதி ரயிலில் ஒன்றேகால் மணித்தியாலம். எங்கள் 9 யூரோ ரயிலில், நடுவில் மாறி ஏறி, மூன்று மணித்தியாலம். பெட்டிக்குள் நிற்க இடமில்லை. எல்லோருக்கும் முகக்கவசம் கட்டாயமாயிருந்த காலம் அது. பாதித் தூரம் கதவோரம் பையின்மேல் இருந்தே போனேன். தங்கியது எட்டுப் பெண்கள் படுக்கும் அறையில், அடுக்குக் கட்டிலின் மேற்தட்டில், ஓர் இரவுக்கு 22 யூரோ. பெண்களுக்கு மட்டுமான அறை வேண்டுமென்று முன்கூட்டியே கேட்டால் பல விடுதிகளில் கொடுப்பார்கள். தனியாகப் போகும் தங்கைகள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டகத்துக்குப் பூட்டை நாமே கொண்டுபோக வேண்டும்.

சாப்பாட்டுக்கு, லைப்சிக்கிலேயே ரொட்டி சுட்டுச் சீனிச்சம்பலுடன் கட்டிக்கொண்டு போனேன். அது முடிந்ததும் சுப்பர்மார்க்கட்டில் பாண், தக்காளி, சீஸ், வாழைப்பழம். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். வெறும் போத்தல் ஒன்று கையில் இருந்தால் போதும். கடையில் வாங்கும் பிளாஸ்ரிக் போத்தலுக்கு 25 சதம் வைப்புப் பணம் சேர்த்து எடுப்பார்கள். வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணம் கிடைக்கும். பூங்காக்களில் வயதானவர்கள் சிலர் குப்பைத் தொட்டிகளுக்குள் கையை விட்டு அந்தப் போத்தல்களைப் பொறுக்குவதையும் கண்டேன். பணக்கார நாட்டிலும் வறுமை உண்டு. அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

நான் போனது ஓகஸ்ட் மாத முதல் வார இறுதி. அக்காலத்தில் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு பேர்லினின் பல அரும்பொருட்காட்சியகங்களை இலவசமாகப் பார்க்கலாம். (நிதி நெருக்கடியால் 2024ஆம் ஆண்டின் இறுதியுடன் அதை நிறுத்திவிட்டார்கள்.) எகிப்திய அரசி நெஃபெர்ரிற்றியின் தலைச்சிற்பம் இருக்கும் நொயெஸ் மியூசியத்துக்குப் போனேன். சிற்பம் அழகுதான். ஆனால் என்னை நிறுத்தியது அந்தக் கட்டடம். இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டு வீழ்ந்து சிதைந்து, பல பத்தாண்டுகள் பாழாய்க் கிடந்து, 2009 ஒக்ரோபரில்தான் மீளத் திறக்கப்பட்டது. திருத்தியவர்கள் காயங்களைப் பூசி மறைக்கவில்லை. எரிந்த சுவர், உதிர்ந்த ஓவியம், வெறும் செங்கல் எல்லாவற்றையும் அப்படியே விட்டு, இல்லாமற் போனதை மட்டும் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். எது பழையது, எது புதியது என்று யாரும் கண்டுகொள்ளலாம். நாங்கள் முகாமில் இருந்த அதே ஆண்டில் இந்தக் கதவு திறந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

தெருவில் நடக்கும்போது காலடியில் மினுங்கும் சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகளைப் பார்க்கலாம். உள்ளங்கை அளவுதான். குண்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1990களில் தொடங்கிய பணி இது. நாஸிகள் பிடித்துக்கொண்டுபோன யூதர்களும் ஏனையோரும் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டின் வாசலில், "இங்கே வாழ்ந்தவர்" என்று தொடங்கி அவரது பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுபோகப்பட்ட நாள், கொல்லப்பட்ட இடம் ஆகியவற்றைப் பொறித்து நிலத்தில் பதித்திருக்கிறார்கள். 2023இல் ஐரோப்பா முழுவதும் பதித்த தகடுகளின் எண்ணிக்கை ஒரு இலட்சத்தை எட்டியது. அதை வாசிக்கக் குனிய வேண்டும். குனிந்து வாசிக்கும்போது, பிள்ளையின் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி வீதியோரக் கொட்டகைகளில் இருந்த எங்கள் அம்மாமாரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒரு பெயரும் ஒரு திகதியும் ஓர் இடமும். அவர்கள் கேட்டதும் அதைத்தானே.

மடியில் சுத்தியலோடு ஒரு பெண்

பேர்லினில் ஹாசன்ஹைடே என்றொரு பெரிய பூங்கா. அதற்குள் ஒரு சிறிய குன்று. இயற்கையான குன்று என்று நினைத்துத்தான் ஏறினேன். யுத்தத்தில் இடிந்த வீடுகளின் கல்லையும் மண்ணையும் கொட்டி உண்டான குன்று அது என்று பின்னர் அறிந்தேன். பேர்லினில் இப்படிப் பல குன்றுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று கடல் மட்டத்திலிருந்து சுமார் 120 மீற்றர் உயரம். இப்போது எல்லாம் மரம் மூடிக் கிடக்கின்றன. பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிறார்கள்.

அந்தப் பூங்காவில் தலையில் துணி கட்டி, மடியில் சுத்தியலுடன் அமர்ந்திருக்கும் பெண் ஒருவரின் கற்சிலை உண்டு. கத்தரீனா சிங்கர் என்ற பெண் சிற்பி 1955இல் செய்தது. 1945இல் யுத்தம் முடிந்தபோது ஆண்கள் இறந்தும் சிறைப்பட்டும் போயிருந்தனர். பேர்லினில் ஏறக்குறைய 60,000 பெண்கள் இடிபாடு அகற்றும் வேலைக்குப் போனார்கள். செங்கல்லில் ஒட்டியிருந்த சாந்தைச் சுத்தியலால் தட்டி அகற்றி, மீண்டும் கட்டுவதற்கென்று அடுக்கினார்கள். கூலி மணித்தியாலத்துக்கு 72 பெனிக். பணத்தைவிடப் பெரிதாயிருந்தது பங்கீட்டு அட்டை. வீட்டிலிருக்கும் பெண்களுக்கு ஆகக் குறைந்த அட்டை. இந்த வேலைக்குப் போனால் அதைவிடக் கூடிய உணவு. நிவாரண அட்டையின் பெறுமதி தெரிந்த எமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிற்காலத்தில், 2014இல், லியோனி ட்ரேபர் என்ற வரலாற்று ஆய்வாளர் ஒரு நூல் எழுதினார். நாட்டை முழுக்கப் பெண்களே துப்புரவாக்கினார்கள் என்பது மிகைப்படுத்தப்பட்ட கதை. பல நகரங்களில் இயந்திரங்களும் கட்டட நிறுவனங்களும் கைதிகளுமே பெரும்பகுதியை அகற்றினர் என்று அவர் காட்டினார். அந்த யுத்தத்தைத் தொடங்கியதும் ஜேர்மனிதான். ஆகவே அந்தச் சிலையை நான் தெய்வமாக்கிப் பார்க்கவில்லை. ஆனால், கல் தட்டிய பெண்ணின் முதுகுவலி பொய்யல்ல. முகமாலைப் பக்கம் கடும் வெயிலில் முழங்காலில் இருந்து கண்ணிவெடி அகற்றிய எங்கள் பெண்களை நினைத்துக்கொண்டேன். அவர்களிலும் பலர் குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள்.

அந்தக் காலத்து ஜேர்மன் பெண்கள் உடுப்புக்கும் வழி தேடியிருக்கிறார்கள். துணி கிடையாது. இரண்டு பழைய சட்டைகளை வெட்டி ஒன்றாக்கினார்கள். போர்வையில் கோட்டு, பரசூட் துணியில் சட்டை தைத்தார்கள். இதை வாசித்தபோது அம்மாவின் இயந்திரச் சத்தம் காதில் கேட்டது.

வெயில் காலத்து உடுப்பு

தையல் பெண்களின் முதற் கேள்விக்கு இப்போது வருகிறேன். அங்கே கோடை என்பது இரண்டு மூன்று மாதம்தான். எட்டு மாதம் கறுப்பும் சாம்பலுமான கனத்த உடுப்புக்குள் இருந்தவர்கள், வெயில் வந்ததும் எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். அரைக் காற்சட்டை, கையில்லாத சட்டை, பூப்போட்ட கவுண். ஏரிக்கரைகளில் அதைவிடக் குறைவாகவும் இருப்பார்கள். ஆரம்பத்தில் எனக்குக் கூச்சமாயிருந்தது. எங்கே பார்ப்பதென்று தெரியாது. பிறகு ஒன்றைக் கவனித்தேன். அவர்களை ஒருவரும் உற்றுப் பார்ப்பதில்லை. அதேபோல, கணுக்கால் வரை பாவாடையும் துப்பட்டாவுமாகப் போன என்னையும் பெரும்பாலும் ஒருவரும் உற்றுப் பார்க்கவில்லை. ஓரிரு தடவை ட்ராமில் முகம் சுளித்தவர்களும் உண்டு. ஆனால், இதைத்தான் போடு, அதைப் போடாதே என்று சொல்ல அங்கே எனக்கு ஒரு ஊர் இருக்கவில்லை.

லைப்சிக்கில் எனது அறைக்குக் கீழ்வீட்டில் எண்பது வயதைக் கடந்த அம்மா ஒருவர் இருந்தார். கணவர் இறந்து 20 வருடம். வெயில் தொடங்கியதும் சிவப்பில் வெள்ளைப் பொட்டு வைத்த கவுணைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் சந்தைக்குப் போவார். ஒருநாள் துணிந்து, "உங்கள் ஊரில் கணவர் இறந்தால் நிற உடுப்புப் போடலாமா?" என்று கேட்டேன். கறுப்புப் போட்டது ஒரு வருடம் என்றார். வெயில் வருவதே கொஞ்ச நாள், அதையும் கறுப்பில் கழிக்க வேண்டுமோ என்று என்னைத் திருப்பிக் கேட்டார். நான் அம்மாவின் பெட்டியில் பத்து வருடம் கிடந்த மஞ்சள் சேலையை நினைத்தேன்.

பேர்லினில் மவர்பார்க் என்ற இடத்தில், பழைய மதில் நின்ற நிலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பொருட் சந்தை கூடும். அங்கே துணிக் குவியலுக்குள் அதேபோன்ற சிவப்புக் கவுண் ஒன்று கிடந்தது. விலை 4 யூரோ. எனக்குப் பெரிது, அம்மாவுக்குச் சரியாயிருக்கும். ஆயிரத்து நானூற்றுச் சொச்ச ரூபாய் என்று கணக்குப் பார்த்துவிட்டு, பிறகும் வாங்கினேன். அந்தப் பயணத்தில் நான் வாங்கிய ஒரே பொருள் அது.

கறுத்த கல்லும் வெள்ளைக் கல்லும்

ஓகஸ்ட் நடுப்பகுதியில் ட்ரெஸ்டன் நகருக்குப் போனேன். எல்பே ஆற்றங்கரையில் இருக்கும் அழகான நகர். 1945 பெப்ரவரி 13 தொடக்கம் 15 வரை நடந்த குண்டுவீச்சில் நகரின் நடுப்பகுதி எரிந்து போயிற்று. 25,000 பேர் வரை இறந்தனர் என்று வரலாற்று ஆய்வாளர் குழுவொன்று 2010இல் முடிவு கூறியது. அங்குள்ள பெரிய மாதா கோயில் இரண்டு நாள் எரிந்து 15ஆம் திகதி இடிந்து வீழ்ந்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு அது கற்குவியலாகவே கிடந்தது. 1994இல் மீளக் கட்டத் தொடங்கி, 2005 ஒக்ரோபர் 30இல் திறந்தார்கள்.

குவியலிலிருந்து எடுத்த பழைய கற்களை எண்ணிட்டு, முடிந்தவற்றைப் பழைய இடத்திலேயே வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பழைய கல் கறுப்பு, புதுக்கல் வெளிர் நிறம். சுவர் முழுவதும் தைத்த துணிபோல இருக்கிறது. உச்சியிலுள்ள சிலுவையைச் செய்த பிரித்தானியப் பொற்கொல்லரின் தந்தை, ட்ரெஸ்டன்மீது குண்டு போட்ட விமானிகளில் ஒருவர். குண்டு போட்டவரின் மகன் வந்து சிலுவை செய்து கொடுத்திருக்கிறார். உள்ளே போக ரிக்கற் இல்லை. துப்பட்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு பின்வரிசையில் அரை மணித்தியாலம் இருந்தேன். நான் கிறிஸ்தவளல்லள். ஆனாலும் அப்பாவின் பெயரைச் சொல்லி ஒரு மெழுகுதிரி ஏற்றினேன்.

மாலை ஆற்றங்கரைப் புல்லில் துப்பட்டாவை விரித்து இருந்தேன். எட்டரை மணிக்கும் வானில் வெளிச்சம். ஆறு மணிக்குக் கதவைச் சாத்தி வளர்ந்தவள் நான். அந்த நேரத்தில் ஒரு பெண் தனியே ஆற்றங்கரையில் பாண் தின்றுகொண்டிருக்கலாம் என்பதே எனக்குப் பெரிய காட்சியாயிருந்தது.

சோதனைச் சாவடி இல்லாத பாலம்

மறுநாள் அதே ரிக்கற்றில் ஒன்றரை மணித்தியாலம் கிழக்கே போய் கேர்லிட்ஸ் என்ற எல்லை நகரில் இறங்கினேன். நடுவில் நைசே ஆறு. இக்கரை ஜேர்மனி, அக்கரை போலந்து. முன்பு இரண்டும் ஒரே நகர். 1945 மே 7இல் பின்வாங்கிய ஜேர்மன் படையினர் பாலங்களைத் தகர்த்தனர். யுத்தம் முடிந்ததும் ஆறே எல்லையாயிற்று. அக்கரையில் இருந்த ஜேர்மனியர் விரட்டப்பட்டனர். தமது சொந்த ஊர்களைக் கிழக்கே இழந்து வந்த போலந்து மக்கள் அந்த வீடுகளில் குடியேறினர். கிரேக்க நாட்டு உள்நாட்டு யுத்தத்தில் அகதியானவர்களையும் பின்னர் அங்கேதான் கொண்டுவந்து இருத்தினார்கள். ஒரு கரை முழுவதும் இடம்பெயர்ந்தவர்களின் ஊர்.

தகர்ந்த பழைய நகரப் பாலம் 2004இல்தான் மீண்டது. நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டுமான பாலம். வதிவிட அட்டையையும் கடவுச்சீட்டையும் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நடந்தேன். பையைத் திறந்து காட்டத் தயாராகச் சங்கிலியையும் தளர்த்தியிருந்தேன். ஓமந்தையில் பழகிய பழக்கம். பாலம் முடிந்துவிட்டது. ஒருவரும் இல்லை. ஒரு சிறுவன் ஐஸ்கிறீம் தின்றபடி எதிரே வந்தான். அவன் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகிறான் என்பது அவனுக்குத் தெரிந்ததாகவே தெரியவில்லை. நான் திரும்பி இக்கரைக்கு வந்தேன். மறுபடி அக்கரைக்குப் போனேன். வெறுமனே, போக முடிகிறதே என்பதற்காக மூன்று தடவை.

அக்கரையில் பியெரோகி சாப்பிட்டேன். எங்கள் கொழுக்கட்டைதான்; உள்ளே பயறும் சர்க்கரையும் இல்லாமல் உருளைக்கிழங்கும் சீஸும். 20 ஸ்லோட்டி, அதாவது 4 யூரோவுக்குச் சற்று மேல். அந்தத் தடவை நான் ரூபாயில் பெருக்கிப் பார்க்கவில்லை.

திரும்பி வந்தபின்

ஐரோப்பாவுக்குப் படிக்கப் போகும் தங்கைகளுக்குச் சொல்வது இவ்வளவுதான். ஒரு நாட்டின் மாணவர் வதிவிட அனுமதி இருந்தால், செங்கன் நாடுகளுக்குள் 180 நாட்களில் 90 நாட்கள் வரை சுற்றிப் பார்க்கலாம். அட்டையையும் கடவுச்சீட்டையும் எப்போதும் கையில் வைத்திருங்கள். பகலில் போய்ச் சேரும் ரயிலை எடுங்கள். தங்குமிடத்தின் முகவரியைத் தாளிலும் எழுதி வையுங்கள். பை சிறிதாயிருக்கட்டும். போகலாமோ, கூடாதோ என்று என்னைப் போல ஒரு மாதத்தை வீணாக்காதீர்கள். அழகைப் பார்ப்பதும் நல்ல உடுப்புப் போடுவதும் இறந்தவர்களுக்குச் செய்யும் துரோகம் அல்ல.

அந்தச் சிவப்புக் கவுணை அம்மாவிடம் கொடுத்தபோது, "எனக்கேன் பிள்ளை இது" என்று மடித்து, மஞ்சள் சேலை இருந்த அதே பெட்டியில் வைத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கேள்வி கேட்ட தையல் பெண்களுக்குக் காட்டவென்று, என் மஞ்சள் சட்டையோடு அதையும் ஒருநாள் நிலையத்துக்கு எடுத்துப் போனேன். அவர்கள் இரண்டையும் மேசையில் விரித்து, அளவுச் சட்டையாக வைத்து, பழைய பத்திரிகைத் தாளில் வெட்டு உருவம் எடுத்துக்கொண்டார்கள். மஞ்சள் சட்டையின் பொக்கற்றை எல்லோரும் விரும்பினார்கள்.

போன கிழமை அம்மா அந்தத் தாளை இரவல் வாங்கி வந்து, நிலத்தில் துணியை விரித்து வெட்டிக்கொண்டிருந்தார். யாருக்கு என்று கேட்டேன். "எனக்குத்தான். சிவப்பு வேண்டாம், சனம் பாக்கும்" என்றார். நீலத் துணி. வெள்ளைப் பூப் போட்டது.